அக்காவின் சின்னவிரல்

என் அக்கா கண்ணகை நாவற்குடாவில் பிறந்து பழுகாமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இடையில் இருப்பது ஒரு பாலம்தான். யுத்த காலத்தில் அந்தப் பாலத்தின் எழுவான்கரை முனையில் இராணுவத்தின் ஆட்சி, படுவான்கரை முனையில் இயக்கத்தின் ஆட்சி.

எங்கள் அப்பா கந்தப்போடிக்குத் தேர்தல் என்றால் கொண்டாட்டம். மட்டக்களப்பு அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஆளுக்கு இரண்டு வாக்கு. ஒன்றைத் தன் விருப்பப்படியும், மற்றதைக் காத்தான்குடியில் சாரத் துணி விற்ற அஹமட் நானா சொன்ன ஆளுக்கும் போட்டுவிட்டு வருவார். "ரெண்டு பேரும் வெண்டா எனக்கு ரெண்டு மெம்பர். ரெண்டு பேரும் தோத்தா அஹமட்டு மட்டுந்தான் மிச்சம்" என்று சிரிப்பார். அக்கா பயமில்லாமல் பார்த்த தேர்தல்கள் அவ்வளவுதான்.

பிறகு வந்தவற்றை அவள் வருடத்தாலோ கட்சியாலோ நினைவு வைத்திருக்கவில்லை. "போடு எண்ட எலக்சன்", "போடாத எண்ட எலக்சன்" என்றுதான் சொல்வாள். படுவான்கரைச் சனம் பாலம் கடந்து, அக்கரையில் பல ஊருக்கும் சேர்த்து அமைத்த கொத்தணி வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். விரலில் மை இல்லாமல் திரும்பினால் பாலத்தடிச் சோதனையில் கேள்வி. மையோடு திரும்பினால் ஊருக்குள் கேள்வி. அத்தானின் அண்ணன் அழகரத்தினம் ஒரு "போடாத" எலக்சனில் மையோடு திரும்பினார். மறுநாள் விடிந்தபோது அவருடைய சைக்கிள் மட்டும் வேலியோரம் கிடந்தது. கூட்டிக்கொண்டு போனது யார் என்று அக்கா இன்றுவரை சொன்னதில்லை. நான் இருக்கும் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டால், "இஞ்ச சரியான வெயில் தம்பி" என்பாள்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் சிலர் கஜு என்கிற முந்திரிக்கொட்டையைக் கையிலெடுத்தார்கள். வறுக்காத கொட்டையின் ஓட்டை உடைத்தால் கசியும் எண்ணெய் தோலைச் சுட்டு உரித்துவிடும். மை வைத்த பிறகு பூசினால் தோல் கழல நாளெடுத்துச் சுணங்கும். ஆகவே முதல் நாளே மை வைக்கும் இடது சின்னவிரலில் பூசி, தோலைத் தளரவிட்டுக்கொண்டு போவார்கள். பாலத்தடியில் மையைக் காட்டிவிட்டு, வீடு வந்து சேருமுன் வழியில் உரித்து எறிந்துவிடலாம்.

யுத்தம் முடிந்து எவ்வளவோ வருடங்களுக்குப் பிறகு, கடந்த பாராளுமன்றத் தேர்தலில் அக்காவின் மகள் வேட்பாளர் ஆனாள். மாவட்டத்துக்கு ஐந்து உறுப்பினர். குழு ஒவ்வொன்றும் எட்டுப் பேரை நிறுத்த வேண்டும். ஒரு சுயேச்சைக் குழு எட்டாவது ஆளைத் தேடியபோது இவள் ஓம், நிக்கிறன் என்றுவிட்டாள்.

"உன்ட பேர வெட்டச் சொல்லு மகள்."

"நோட்டீஸ் அடிச்சாச்சு அம்மா. வெல்லப்போறன் எண்டா பயப்படுங்க. நான் தோக்கத்தானே நிக்கிறன்."

"தோத்தவனத்தான் முதல்ல தேடி வருவானுகள்."

மகள் சிரித்தாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். இருந்தாலும் மகளுக்குத் தன் வாக்காவது விழ வேண்டும் என்று நினைத்தாள். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் பின்னேரம், பரணில் கிடந்த கஜுக்கொட்டையை எடுத்து உடைத்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. உள்ளே போனதும் முதல் மேசையிலிருந்தவர் வழக்கப்படி, "இடது கையக் காட்டுங்க" என்றார். அக்கா நீட்டினாள். சின்னவிரல் கொப்பளித்து, நகத்தடியில் செந்தசை தெரிந்தது.

"என்னம்மா இது?"

"சட்டி சுட்டுட்டு."

ஓரத்தில் இருந்த ஒரு கட்சியின் முகவர் லக்ஷன் எழுந்துவிட்டான். "சட்டி சின்னவிரலத் தேடிப் பிடிச்சுச் சுடுமா? வேற எங்கயோ போட்டுட்டு மை அழிச்சிருக்கா. இவ ஆரெண்டு தெரியுமா? வேட்பாளர்ர தாய்!"

வாசலில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். தனக்கு வருவது வரட்டும். தாய் கள்ள வோட்டுப் போட வந்தாள் என்ற பேச்சு மகளைத் தேடிப் போகுமே என்பதுதான் அக்காவுக்குப் பயம். வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். திரும்பினால் லக்ஷன் சொன்னது உண்மையாகிவிடும்.

சாவடிக்குப் பொறுப்பாக வந்திருந்தவர் ஓட்டமாவடி ஆசிரியை பஹீமா. "அம்மா, பயப்படாம சொல்லுங்க. சட்டிதானா?"

"இல்ல மிஸ்." அக்கா விரலை மடக்கிக்கொண்டாள். "கஜு எண்ண. மை நிக்கக்கூடா எண்டு நேத்துப் பூசின. இன்னும் போடல்ல மிஸ், சத்தியமாப் போடல்ல."

"மை நிண்டா என்ன?"

வரிசையிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது: "இப்ப ஆருகா உன்ட விரலப் பாக்கப்போறான்? பொடியனுகள் மையப் போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுற காலம்!" சிலர் சிரித்தார்கள். வயதானவர்கள் சிரிக்கவில்லை.

பஹீமா வாக்காளர் இடாப்பைப் பார்த்தார். அக்காவின் பெயர் வெட்டப்படாமல் இருந்தது. "இன்னும் வாக்களிக்கவில்லை என்று எழுதிக் கையொப்பம் வைங்க. மைய அடுத்த விரல்ல வைப்பம்" என்றார். பிறகு லக்ஷனிடம், "தம்பி, உங்கட ஆட்சேபத்தக் குறிச்சாச்சு. இருங்க" என்றார்.

கையொப்பம் என்றதும் அக்கா பேனாவை எடுக்கத் தயங்கினாள். அந்தக் காலத்தில் கையொப்பம் கேட்டவர்களும் இருங்க என்றுதான் தொடங்குவார்கள். வைத்தாள். மோதிர விரலில் மை ஏறியது. அந்த விரலில் எண்ணெய் பூசவில்லை. தோல் நல்ல தோல். வாக்குச்சீட்டில் குழுவின் சின்னத்துக்கு நேரே குறுக்குக்கோடு இழுத்துப் புள்ளடி போட்டு, கீழே வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களில் மகளின் இலக்கத்துக்கும் ஒரு புள்ளடி போட்டாள். கோடு வளைந்து போனது என்று இன்னும் கவலைப்படுகிறாள்.

மகள் தோற்றாள். மறுவாரம் வழக்கம்போல வேலைக்குப் போனாள். லக்ஷன்கூட அவளை வழியில் கண்டு, "மச்சாள், அடுத்த முறை எங்கட பக்கம் வாங்க" என்றானாம். யாரும் தேடி வரவில்லை. மோதிர விரலின் மை தேய்ந்து போகும்வரை அக்கா இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே தண்ணீர் அள்ளினாள்.

இதை எழுதட்டுமா என்று இங்கிருந்து அழைத்துக் கேட்டேன். இந்த ஊரில் என் வீட்டு மணி எதிர்பாராமல் அடித்தாலும் நானும் எழுந்து திரைச்சீலைக்குப் பின்னால்தான் நிற்கிறேன். அவள் வேண்டாம் என்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எழுது. என்ட பேரப் போடு. ஊரப் போடு."

"மகள்ட பேர்?"

"அது மட்டும் வேணாம் தம்பி."

"அக்கா, அது நோட்டீஸ்ல ஊர் முழுக்கக் கிடந்த பேர்."

"கிடந்ததுதான். மழைக்குக் கழண்டுட்டு. நீ திரும்ப ஒட்டாத."

நான் ஒட்டவில்லை.