எங்கள் லயத்துக்கு வெளிச்சத்தில் வாருங்கள்

நீலகிரியில், எமரால்டு பக்கத்தில் பால் ஊற்றாத டீ ஒன்று வாங்கிக் குடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். ஆனாலும் பிளேன்டீ என்று கேட்டால், வீட்டில் ஏதாவது துக்கமா என்பதுபோல் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் டீ கொண்டுவரும் சரசக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க டீச்சர், பாலுக்கெல்லாம் இங்க ஒண்ணும் பஞ்சமில்லைங்க. சங்கடப்படாம குடிங்க" என்றார். சங்கடமெல்லாம் இல்லை, சிலோனில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத் தண்ணீரைக் குடிப்போம் என்று விளக்கினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் என் டம்ளரில் மட்டும் ஆடை மிதந்தது. அங்கே இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களோடு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இங்கே யாரும் எங்களுக்குக் கெடுதல் நினைப்பதில்லை. கேட்காத நல்லதைச் செய்து செய்தே எங்களை ஓயவைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டங்கள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் இங்கே சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது ஹாலோவீன் என்றொரு யோசனையையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். அங்கே ஐப்பசி மாதத்தில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்களாம். வீட்டுக்காரர்கள் பயந்த மாதிரி நடித்து மிட்டாய் கொடுப்பார்களாம். கொடுக்காவிட்டால் பிள்ளைகள் ஏதாவது சேட்டை செய்துவிட்டு ஓடுவார்களாம். பள்ளிக்கூடம், சர்ச், சுற்றியுள்ள குடியிருப்புகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இப்படி ஒரு கார்னிவல் நடத்தினால் ஊரில் ஒற்றுமை வளரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் எழுதுவேன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் செகரட்டரி ஆக்கினார்கள்.

மூன்று பேரை ஒரு மேசையில் உட்கார வைத்து ஒரு முடிவு எடுக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்று இப்போது நான் அடித்துச் சொல்வேன். காந்தலிலிருந்து வரும் பாதர், கல்லறைத் திருநாள் வருகிற வாரத்தில், செத்தவர்களுக்காக ஜெபம் செய்யும் நேரத்தில், பேய் வேஷம் எதற்கு, சிறகு வைத்த சம்மனசு வேஷம் போதும் என்றார். கோயில் கமிட்டியிலிருந்து வந்த ரங்கசாமி அண்ணன், பிக்கட்டியில் காய்கறி மண்டி வைத்திருப்பவர், "தீவாளி நோம்பி சமயத்துல எழவு ஊட்டு வேஷமெல்லாம் ஆகாதுங்க. அனுமார் போடட்டும்" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பேய் இல்லாமல் ஹாலோவீன் இல்லை. கடைசியில் பேய், சம்மனசு, அனுமார் மூன்றும் கைகோத்துக்கொண்டு போவது என்று தீர்மானமானது. பிறகு அரசாணிக்காய்ப் பிரச்சினை. பூசணியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதைக் குடைந்து, கண் மூக்கு வைத்து, உள்ளே விளக்கேற்ற வேண்டும். மண்டியிலிருந்து காய் தருகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்ன ரங்கசாமி அண்ணன், குடைந்தெடுத்த சதையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கூட்டு வைக்கலாமா, யாருக்கு வைப்பது, சாமிக்குப் படைக்கலாமா கூடாதா என்று ஒரு முழுச் சாயங்காலம் போனது. இடையில் அவர் என்னைப் பார்த்து, "ராவணன் வேஷத்துக்கு நாம எங்கீங்க போறது? சிலோன்காரங்க நீங்கதான் இருக்கறீங்களே" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே இருந்தவரைக்கும் நாம் இந்தியாக்காரர்கள். இங்கே வந்து இறங்கியதும் ராவணனுக்குச் சொந்தக்காரர்கள்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவைத்தேன். என் கவலை வேறு. பிள்ளைகள் போகவேண்டிய குடியிருப்புகளில் எங்கள் லயமும் இருந்தது. இங்கே லயம் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது, லைன் என்கிறார்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் வீட்டு வரிசைக்கு சிலோன் லைன் என்று பெயர். அந்த இடம் வந்ததும் நான் பேனாவை வைத்துவிட்டு, "எங்க லைனுக்கு மட்டும் வேண்டாம் மேடம்" என்றேன். "ஏன் ராணி? உங்களை விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பதறினார். பாதர் கனிவாக, "பேய்ன்னு ஒண்ணும் கிடையாதும்மா. உங்க ஜனங்களுக்கு நான் வந்து எடுத்துச் சொல்றேன்" என்றார். ரங்கசாமி அண்ணன் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "மிட்டாயிக்குன்னா ரோசனை பண்ணாதீங்க டீச்சர். நம்ம மண்டியில இருந்து குடுத்துப்போடறேன்" என்றார். மூடநம்பிக்கையும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அதனால் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். எழுபத்தேழு கலவரத்தில் எங்கள் தோட்டத்துக்குச் சிங்களக் கலகக்காரர்கள் வந்தது பொழுது சாயும் நேரத்தில். துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, பந்தத்தோடு, தகரத்தைத் தட்டிக்கொண்டு கீழ் ரோட்டிலிருந்து ஏறி வந்தார்கள். லயத்தில் ஒவ்வொரு காம்பரா வீடாகக் கதவைத் தட்டினார்கள். திறந்தவர்கள் பட்ட பாட்டை நான் கூட்டத்தில் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. என் அக்கா பார்வதி, கைக்குழந்தை மலரைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தேயிலைக்குள் ஓடினாள். விடிந்து பார்த்தபோது எங்கள் காம்பராவுக்குக் கூரை இல்லை. கடைக்காரி மெனிக்கே, சிங்களத்திதான், எங்களைத் தன் கடையின் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தேடி வந்தவர்களிடம் யாரும் இல்லை என்று சாதித்தாள். அவள் கொடுத்த பாண் ரொட்டியைத் தின்றுதான் உயிரோடு இருந்தோம். இங்கே வந்த பிறகும் அக்கா பொழுது சாய்வதற்கு முன்பே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். மலர் வெளியே விளையாட ஆசைப்பட்டு அழுதாலும் திறக்கமாட்டாள். இந்த வருஷம்தான், கொஞ்சம் கொஞ்சமாக, விளக்கு வைத்த பிறகும் கதவைச் சாத்தி மட்டும் வைக்கத் தொடங்கியிருந்தாள். அது மறுபடியும் கெட்டுவிடக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பாதர்தான் முதலில், "இங்க அப்படிப்பட்டவங்க யாரும் இல்லையேம்மா" என்றார். எனக்குத் தெரியாதா? அக்காவுக்கும் தெரியும். ஓடிப் பழகிய காலுக்கு யார் போய்ச் சொல்வது? ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படீன்னா உங்க லைனுக்குக் கட்டாயம் வரணும், ராணி. அந்தப் பயம் தெளியட்டும்" என்றார். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பலன் இது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கடைசியில் பேரம் பேசினேன். எங்கள் லயத்துக்கு நாலு மணிக்கே வரவேண்டும், வெளிச்சம் இருக்க வேண்டும். முகமூடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவைத் தட்டக் கூடாது, நான் முன்னால் போய்க் கூப்பிடுவேன். மூவரும் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவள் சாதாரணமாக, "சின்னப் பிள்ளைக தானே, வரட்டுமே. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள். அதோடு நிற்கவில்லை. எங்கள் பள்ளியிலேயே படிக்கும் மலருக்கு, மைதா பசை காய்ச்சி, பழைய பேப்பரை ஒட்டி, அவளே முகமூடி செய்துகொடுத்தாள். கோரைப்பல் வைத்து, கரியும் செங்கல் தூளும் பூசினாள். பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க அக்கா அச்சுமுறுக்கு சுட்டு வைத்தாள். நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் இந்த ஊரில் ஒரு விழா சொன்ன நேரத்துக்கு நடந்ததாக வரலாறு இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊட்டியிலிருந்து வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. பிள்ளைகள் வேஷத்தோடு மழையில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். விருந்தினர் வந்த பிறகு மாலை, பிறகு சால்வை, பிறகு பேச்சு. ஒற்றுமையைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூடுபனி மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. நான் மேடைக்குப் பின்னால் போய், "பொழுது போகுது மேடம், எங்க லைனுக்கு நாளைக்குப் போகலாம்" என்று கெஞ்சினேன். "பிள்ளைங்க ஏமாந்து போயிடும், ராணி. உங்க அக்காவும் காத்திருப்பாங்களே" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. எங்கள் லயத்துக்குப் போகிற பாதை வழுக்கும், பிள்ளைகள் விழுந்துவிடும் என்று ரங்கசாமி அண்ணன் அக்கறையாகச் சாக்குத் துணியைக் கம்பில் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, நாலைந்து பந்தம் கொளுத்தினார். பெரிய பையன்கள் பிஸ்கட் டின்னைத் தட்டத் தொடங்கினார்கள். "பந்தம் வேண்டாம்ணா, டின் வேண்டாம்ப்பா" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. முகமூடிகளைக் கழற்றச் சொன்னேன். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று ஏறிக்கொண்டது. வேஷத்தில் இருக்கிற பிள்ளை டீச்சர் சொல்வதைக் கேட்குமா?

பாதை திரும்பும் இடத்திலிருந்து எங்கள் லயம் தெரியும். வரிசையாகச் சிமினி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாங்கள் ஏற ஏற, கடைசிக் காம்பராவில் ஒன்று அணைந்தது. அடுத்தது அணைந்தது. பிறகு எல்லாமே இருட்டு. பிள்ளைகள் ஹோவென்று கூச்சலிட்டார்கள். "பார்த்தீங்களா டீச்சர், உங்காளுங்க என்னமா நடிக்கறாங்க!" என்று ரங்கசாமி அண்ணன் பூரித்துப்போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் கைதட்டினார். நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன். வாசல்படியில் அச்சுமுறுக்குத் தட்டு பேப்பர் மூடி அப்படியே இருந்தது. "அக்கா, நாந்தான், ராணி. பிள்ளைகதான் வந்திருக்கு" என்றேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி நெருப்பில் வழிந்துகொண்டிருந்தது.

தேயிலைக்குள்தான் இருந்தார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும், செடிகளுக்கு நடுவே, ஈரத்தில் குந்திக்கொண்டு. அக்காவின் வெள்ளைச் சேலைத் தலைப்புதான் முதலில் கண்ணில் பட்டது. என் பின்னாலேயே ஓடிவந்த மலர் என்னைத் தாண்டிக்கொண்டு போய், "அம்மா, நாந்தான். நீ செஞ்சு தந்த மூஞ்சி, பாரு" என்று முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளினாள். அக்கா அவளை இழுத்து மடியில் அமுக்கி, ஒரு கையால் அவள் வாயைப் பொத்தினாள். நான் பக்கத்தில் போய், "பிள்ளைக தான்க்கா. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக" என்றேன்.

"தெரியும்டி" என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கவே இல்லை. "எனக்குத் தெரியாதா? நீயும் குனி."

குனிந்தேன். செகரட்டரி என்று இங்கிலீஷில் எழுதிய ரிப்பன் பூ என் மார்பில் குத்தியிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டேன். கீழே எங்கள் வாசலில் பந்தங்கள் நின்றன. பேயும் சம்மனசும் அனுமாரும் அங்கிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ராணி, எங்க போயிட்டீங்க? நீங்க இல்லாம எப்படி? வாங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறோம்." எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அன்பான குரல். அவர் இரண்டாம் முறையும் கூப்பிட்டார். தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.