செத்த நம்பர்

இடக்கை கண்ட்ரோலையும் ஏ-வையும் அழுத்த, வலக்கை எஃப் நைனைத் தட்டும். இதைச் செய்யாமல் பெனாசிர் எந்தத் தாளையும் பிரிண்டருக்கு அனுப்பியதில்லை. தட்டிவிட்டுத் திரையை மேலிருந்து கீழே உருட்டிப் பார்ப்பாள். உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் டீ வந்தாலும் சரி, வக்கீலே வந்தாலும் சரி, காத்திருக்க வேண்டியதுதான்.

விழுப்புரம் கோர்ட்டுப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடையை ஒட்டி அவளுடைய தட்டச்சுக் கடை. குடியிருப்பது திண்டிவனத்தில், காலை ரயிலில் வந்துவிடுவாள். பிறந்த ஊர் கோட்டக்குப்பம். கல்யாணமானதும் கணவர் ஆசிப்போடு நாலு வருடம் ஷார்ஜாவில் இருந்தாள். அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஐந்நூறு பக்கக் கையேடுகளைத் தொகுக்கும் வேலை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஊர் திரும்பியபோது கூடவே ஒரு கொள்கையையும் கொண்டுவந்தாள்.

"நம்பர அடிக்கக் கூடாதுங்க. கூப்ட்டு நிறுத்தணும்."

பிராதின் கடைசியில் ஆவணப் பட்டியல் இருக்கும். எட்டாவது பத்திரத்தைப் பற்றி நடுவில் எங்கே எழுத நேர்ந்தாலும் அவள் 8 என்று தட்டமாட்டாள். பட்டியலில் இருக்கும் எண்ணையே அங்கே அழைத்துவந்து வைப்பாள். பட்டியலில் அந்தப் பத்திரம் இடம் மாறினால், எஃப் நைனைத் தட்டியதும் இந்த எண்ணும் பின்னாலேயே மாறிக்கொள்ளும். அழைத்துவந்த எண்ணின் பின்புலம் திரையில் சாம்பல் பூசினாற்போல் தெரியும். கையால் அடித்தது வெள்ளையாகக் கிடக்கும். முதலாவது உயிருள்ள நம்பர், மற்றது செத்த நம்பர். வேறு கடையில் அடித்த ஃபைல் வந்தால் அவள் முகம் சுருங்கிவிடும். "இன்னா சார், பூரா செத்த நம்பரா இருக்குது" என்று வக்கீல் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

போன மாதம் ஒரு நாள் மதியம் தேவநாதன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பனமலை ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை பயிரிடுகிறவர். அந்த நிலத்தைப் பங்காளி தன்னுடையது என்கிறார், அதற்குத்தான் வழக்கு. பிராதை அதற்கு முந்தின வாரமே பெனாசிர் அடித்து முடித்திருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு ஆவணங்கள். அன்று சாயங்காலத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். காலையில் வீட்டுப் பீரோவைக் குடைந்தபோது அப்பா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது.

"வக்கீலு இதையும் சேர்க்கணும்ன்றாரு. மறுபடி மொதல்லேர்ந்து அடிக்கணுமாம்மா? ஒரே பேஜாரா பூட்சே."

தேதி வரிசைப்படி அது நாலாவதாக நுழைய வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள பத்தொன்பது ஆவணங்களும் ஒவ்வோர் எண் தள்ளிப்போகும். பெனாசிர் அலட்டிக்கொள்ளவில்லை. பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தாள், வழக்கமான விசைகளைத் தட்டினாள், அவ்வளவுதான். பன்னிரண்டு பக்கத்திலும் எண்கள் மாறிவிட்டன. தேவநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டார்.

பெனாசிர் உருட்டிக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் உதடு நின்றது. நிலம் வாதிக்கே உரியது என்பதற்குச் சான்று, ஆவணம் 11. அந்தப் பதினொன்று வெள்ளையாகக் கிடந்தது.

பதினொன்றாக இருந்த தேவநாதனின் பட்டா இப்போது பன்னிரண்டு. பதினொன்றாம் இடத்துக்கு வந்திருப்பது, பக்கத்து நிலத்துக்குப் பங்காளி வாங்கிய பட்டா.

யார் அடித்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிராதை அடித்த வெள்ளிக்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. போனைத் தோளில் இடுக்கியபடி அந்த வரியை முடித்தது நினைவுக்கு வந்தது. திருத்த இரண்டு நொடி போதும். தேவநாதன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெனாசிர் விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐயா, இங்க ஒரு தப்பு இருக்குதுங்க. இப்படியே போயிருந்தா உங்க நெலத்துக்கு உங்க பங்காளி பட்டாவ ஆதாரமா காட்டிருப்போம். அத அடிச்சது நான்தான்."

தேவநாதன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை, ஆனால் வந்தபோது இருந்த நம்பிக்கையும் அந்த முகத்தில் இல்லை.

"வேற எங்கனா இருக்குதாம்மா?"

எண்ணைத் திருத்திவிட்டு, வேறெங்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மணி மூன்றாகவில்லை, தாக்கலுக்கு நேரம் இருந்தது. எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள். தேவநாதன் தயங்கித் தயங்கி அதன் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்றபடி, முதல் பக்கத்துக்குப் போய், அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேகத்துக்கு மெல்ல உருட்டத் தொடங்கினாள்.