எழுபத்திரண்டு மீட்டர்

இசக்கியம்மாவின் சாப்பாட்டு வண்டி ஆறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்றது: குன்னூருக்கு மேலே, கல்மேடு பேரூராட்சியின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் எஸ்டேட் கேன்டீனில் சமைத்தவர். எஸ்டேட்டை மூடியதும் பழைய வேன் ஒன்றை வாங்கி அடுப்பைப் பொருத்திக்கொண்டார். காலையில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போகிறவர்களுக்கு இட்லி, மதியம் ஜீப் ஓட்டுநர்களுக்குத் தக்காளிச் சோறு, மூடுபனி இறங்கியதும் மிளகாய் பஜ்ஜி. ஐம்பத்தோரு வயதில் அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த வளைவுதான்.

இந்த ஆண்டு மார்ச்சில் புதிய விதி வந்தது: பள்ளியிலிருந்து நூறு மீட்டருக்குள் உணவு வண்டி நிற்கக் கூடாது. இசக்கியம்மா கவலைப்படவில்லை. பள்ளிக்கூடம் வளைவுக்கு நேர் மேலே, செங்குத்துப் பாறையின் உச்சியில் இருந்தது. சாலை வழியாக அங்கே போக ஒன்றரை கிலோமீட்டர்.

அளக்க வந்த பேரூராட்சி ஆய்வாளர் அருண்பிரசாத் சாலையில் ஓரடிகூட நடக்கவில்லை. வண்டியில் சாய்ந்து பஜ்ஜி தின்றபடியே கைபேசியில் வரைபடத்தைத் திறந்தார்.

"எழுபத்திரண்டு மீட்டர்தாம்மா வருது."

"ஏனுங்க சார், அது பாறைங்க. கொரங்குதான் அந்த வழியா எறங்கி வரும். அதுக்கு நான் பஜ்ஜி போடறதில்லீங்க."

"மேப்புல பாறையெல்லாம் தெரியாதும்மா."

"தலையத் தூக்கிப் பாருங்க, தெரியும்."

ஜீப் ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அருண்பிரசாத் தலையைத் தூக்கவில்லை. எண்ணெய் விரல்களை, உரிமத்தைப் புதுப்பிக்க இசக்கியம்மா கொடுத்திருந்த விண்ணப்பத்தாளிலேயே துடைத்து, அந்தக் கறைக்குப் பக்கத்தில் 72 என்று எழுதினார். தான் சுட்ட பஜ்ஜியின் எண்ணெய்தான். இருந்தும் இசக்கியம்மாவுக்கு அருவருப்பில் உடம்பு கூசியது.

பத்து நாளில் கடிதம் வந்தது. வண்டிக்கு ஒதுக்கப்பட்ட இடம், பேரூராட்சிக் குப்பைக் கிடங்கின் பின்சுவர் ஓரம். மாதக் கடைசிக்குள் சம்மதித்துக் கையெழுத்திடாவிட்டால் உரிமம் காலாவதியாகும்.

அவர் போய்ப் பார்த்தார். சுவரின் அடியிலிருந்து கறுப்பாக நீர் கசிந்து, முன்பே அங்கே மாற்றப்பட்டிருந்த ஃப்ரைடு ரைஸ் கடைக்காரன் சங்கிலியின் வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே ஓடியது. அழுகிய முட்டைக்கோஸும் கோழிக் கழிவும் சேர்ந்த நாற்றம். சங்கிலி ஒரு கையால் ஈ விரட்டி, மறு கையால் ஃப்ரைடு ரைஸ் கிளறினான்.

"ரெண்டு நாள்ல மூக்குக்குப் பழகீருமுங்க அக்கா."

"வர்றவங்க மூக்குக்கு?"

"வந்தாத்தானுங்க!" என்று சிரித்தான்.

முப்பதாம் தேதி பேரூராட்சி அலுவலகத்தில் இசக்கியம்மா மறுத்துவிட்டார். "அங்க நின்னு என்னால ஒரு வாய் திங்க முடியாதுங்க. அடுத்தவங்களுக்கு எப்படிப் போடறது?"

எழுத்தர் தலையசைத்து, கோப்பில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். 'விண்ணப்பதாரருக்குத் தொழிலைத் தொடர விருப்பமில்லை.'

இசக்கியம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இத நான் சொல்லலீங்க."

"எதுவா இருந்தா என்னம்மா? எப்படியும் உரிமம் போயிரும்."

"போகட்டுமுங்க. பேனாவக் குடுங்க."

அந்த வரியைக் குறுக்கே அடித்து, கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'குப்பைமேட்டில் சோறு விற்க மாட்டேன்.' கையெழுத்திட்டு, தேதியும் போட்டார். மறுநாளோடு உரிமம் முடிந்தது.