பெடலுக்கு அடியில் இருந்தது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது போன வருடம் கிள்ளான் பக்கத்து மேருவில், என் கார் ஒர்க்‌ஷாப்பில், எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை. என் வலது கைச் சுண்டுவிரல் இன்றுவரை மடங்க மறுக்கிறது. எலும்பு முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். எப்படி முறிந்தது என்று அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

காரைக் கொண்டுவந்தவள் சிந்து. கிள்ளானில் வீடு, கேரி தீவில் ஆசிரியை வேலை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கார், தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் வண்டி. சிவப்பு நிறம், இரண்டே சீட். கணவர் கார்த்திகேசு அவளுக்கு ஓட்டக் கொடுத்தது.

"எண்ணெய் பெடல அமுக்குறப்ப திணறுது அண்ணே. லோரிய முந்தறப்ப பயமா இருக்கு," என்றாள்.

பயப்படத்தான் வேண்டும். கேரி தீவுச் சாலையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். முந்தப் போய், எதிர்ப்பாதையில் எஞ்சின் ஒரு விநாடி மூச்சடைத்தால் ஆள் காலி. திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளி. அதற்குள் சரிசெய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிளக், காயில், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றிவிட்டேன். சனியன், திணறல் போகவில்லை. த்ராட்டில் சென்சாரில் மீட்டரை மாட்டினேன். பெடலை மெல்ல அழுத்தினால் மீட்டரில் எண் சீராக ஏற வேண்டும். ஏறியது... பாதியில் இறங்கியது. சென்சார் தேய்ந்திருக்கும் என்று புதிது போட்டேன். அப்போதும் இறங்கியது.

பிறகுதான் கவனித்தேன். எண் மட்டும் இறங்கவில்லை. நான் அழுத்த அழுத்த, பெடல் மேலே வந்துகொண்டிருந்தது. என் பாதத்தைக் கீழிருந்து எதுவோ தள்ளியது.

வெள்ளிக்கிழமை. மாலை ஏழு இருபது. வேலையாட்கள் போய்விட்டார்கள். பாங்குச் சத்தம் அடங்கி, தகரக் கூரையில் மழை மட்டும்.

கார்பெட் சுருண்டு தடுக்கிறதோ என்று எஞ்சினை அணைத்தேன். கதவருகே மண்டியிட்டு, பெடலுக்கு அடியில் கையை விட்டேன்.

சில்லென்று ஏதோ பட்டது.

கார்பெட் இல்லை.

விரல்கள்... கால் விரல்கள்.

இரண்டாவது விரலில் மெட்டி.

கையை இழுத்தேன். வரவில்லை.

பெடல் இறங்கியது... யாரும் மிதிக்காமலே.

டக்.

என் விரல்.

கை எப்படி வெளியே வந்தது என்று தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெறும் கார்பெட். கார்த்திகேசுவுக்குப் போன் செய்து, பெடலுக்கு அடியில் ஒரு கால் இருக்கிறது என்றேன். குடித்திருக்கிறாயா என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மெட்டி இருந்துச்சா?" என்று கேட்டார்.

மெட்டியைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

மறுநாள் அவரே இழுவை லோரியோடு வந்து காரைக் கொண்டுபோனார். சிந்துவைப் போனில் பிடித்து, அந்தக் காரைத் தொடாதேம்மா என்று கெஞ்சினேன். "அவரே ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாரு லா," என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு லோரியை முந்தினாள். பாதி முந்தியதும் காரின் வேகம் திடீரென்று செத்துவிட்டதாம். பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எதிரே இன்னொரு லோரி... முகத்தைத் திறந்து காட்டாமலே தகனம் செய்தார்கள்.

இங்கே விபத்தில் நசுங்கிய காரை எல்லோரும் தூக்கி எறிவதில்லை. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் பழைய காரின் முன்பகுதியை வாங்கி ஒட்டவைத்துவிடுவார்கள். ஹாஃப்கட் என்போம். அதை விற்கும் கௌஸ் கடைக்கு வேறு வேலையாகப் போனபோது, ஒரு சிவப்பு முன்பகுதி தனியாக இருந்தது. கார்த்திகேசுவுக்கு என்றார் கௌஸ். அவருடைய முதல் மனைவி புஷ்பவல்லியும் அதே காரில், அதே சாலையில்தான் செத்துப்போனாளாம். அப்போதும் கார்த்திகேசு கௌஸிடம்தான் முன்பகுதி வாங்கினாராம்.

இந்த முன்பகுதியை அவர் எப்போது கேட்டார் என்றேன்.

கௌஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிந்து அக்கா தவறுனது திங்கக்கிழமை. இவரு வெள்ளிக்கிழமை ராத்திரியே போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு அண்ணே."