நாலு முட்டையும் செல்லம்மாளின் வண்டல் மண்ணும்

பறவையைக் காப்பாற்றும் வேலையில் பறவையால் ஒரு தொல்லையும் கிடையாது. பேச வேண்டியதெல்லாம் மனிதர்களோடுதான், வினையே அங்கேதான்.

கூட்டம் போட்டு நாலு பேரைத் தலையாட்ட வைப்பதே பிழைப்பாகிப்போன பாவப்பட்டவர்களே, இது உங்களுக்கு. பத்திரிகை வேலையை விட்ட பிறகு கொல்லிமலையில் நீர்க்கரைப் பறவைகளுக்காக அலைந்துகொண்டிருக்கிறேன். தேவனூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் ஒரு சின்ன ஏரி. கோடையில் தண்ணீர் உள்வாங்கியதும் ஆள்காட்டிக் குருவி கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். கூடெல்லாம் கட்டாது. அதே கரையில்தான் விவசாயிகள் வண்டல் மண் அள்ளுவார்கள். மழைக்கு முன் அது வயலுக்குப் போய்விட வேண்டும். இந்த வருடம் நாலு முட்டை கிடந்தது, கீழே வயலில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடும் செல்லம்மாளுக்கு ஒதுக்கிய மூலையில். குஞ்சு பொரிக்கும்வரை அந்த மூலையைத் தொடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கூட்டம்

ஊரே திரண்டு வந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீர்க்கரைப் பறவை என்றால் என்ன, அது ஏரிக்கு ஏன் வேண்டும் என்று படம் காட்டிப் பேசினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த செல்லம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க, குருவி கதையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. குச்சிக்கிழங்கு வெலையை எப்பங்க சொல்லுவீங்க?"

சிவப்புத் துணி

ஏரியில் மண் எடுக்க ஜே.சி.பி. வரப்போகிறது என்று தெரிந்ததும், முட்டைகளைச் சுற்றிக் குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினேன். மறுநாள் காலையில் ஒரு குச்சியும் இல்லை. முட்டைகள் பத்திரமாக இருந்தன. குருவிதான் என் தலைக்கு மேல் கத்தித் தீர்த்தது.

முன்பு ரோடு அகலப்படுத்த வந்தவர்களும் இப்படித்தான் துணி கட்டிய குச்சியை நட்டார்களாம். அடுத்த மாதமே பாதி வரப்பு போயிற்றாம். குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்ட செல்லம்மாள் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"நெலத்தை அளக்க வந்தா அளக்கத்தான் வந்தேன்னு சொல்லோணும் சாமி. பாவம், குருவி மேல எதுக்குங்க பழியைப் போடறீங்க?"

ஏரிப் பொறுப்பாளர்

சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "கண்டிப்பா சார்" என்றார். டீ வரவழைத்தார். ஆனால் ஜே.சி.பி.யை நிறுத்த முடியாது, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருவதற்கே வாடகை கணக்காகிறது என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு பண்ணலாம் சார். முட்டைய ஒரு கூடையில எடுத்து ஏரிக்குப் பக்கத்துப் பூங்காவுல வெச்சிடுவோம். குருவிக்கு வழி சொல்லிவிடறது உங்க பொறுப்பு!"

மிஷின்

ஜே.சி.பி. எதிர்க்கரையில் எல்லோருக்கும் மண் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக எங்கள் மூலைக்கு வந்தது. குறுக்கே போய் நின்றேன். முட்டை எங்கே என்று டிரைவர் கேட்டார். குச்சி இல்லாததால் எனக்கே தெரியவில்லை. எல்லாம் கூழாங்கல்லாகவே தெரிந்தது. எங்கே மிதித்துவிடுவோமோ என்று ஒற்றைக்காலில் நின்றேன். மண்ணுக்குக் கூடையோடு காத்திருந்த செல்லம்மாள் சிரித்தே விட்டார்.

அப்போது ஊருக்குள் பறை கேட்டது. வழக்கத்தைவிட முன்னதாகவே மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள், அதாவது திருவிழாவை அறிவித்துவிட்டார்கள். சாட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை மண்ணில் இரும்பு படக்கூடாது என்பது இந்த ஊர்க் கட்டுப்பாடு. ஊர்க்கவுண்டர் கரைக்கு வந்து கையைக் காட்டினார். மிஷின் நின்றது. செல்லம்மாளின் சிரிப்பும் நின்றது. மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கு வண்டியைத் திருப்பிய டிரைவர் என்னைத்தான் முறைத்தார்.

"ஒரு குருவிக்காக மாரியாத்தாளையே கூட்டியாந்துட்டீங்களே சார்!"

நோம்பிக்குப் பிறகு

குஞ்சுகள் பொரித்து, தாய்க்குப் பின்னால் ஓடிப்போயின. மிஷின் திரும்ப மலையேறவில்லை, மழை முந்திக்கொண்டது. செல்லம்மாளின் வயலுக்கு மட்டும் இந்த வருடம் வண்டல் இல்லை. நோம்பி நாளை முன்னால் இழுத்து வைத்தது நான்தான் என்று ஊரே நம்புகிறது. ஒரு குச்சியை ஓர் இரவு நிற்கவைக்க முடியாதவன் நான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செல்லம்மாள் கேட்பதாக இல்லை. வெறும் வயலைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆத்தா நோம்பியவே மாத்தி வெச்ச ஆளு நீங்க. அந்தக் கிழங்கு வெலையவும் கொஞ்சம் ஏத்தி வுட்டுருங்க சாமி, எங்க மண்ணுக்குச் சரியாப் போயிரும்."

கூட்டமும் குச்சியும் கெஞ்சலும் என்னுடையவை, காரியம் மாரியம்மனுடையது, பழி மட்டும் என் பேருக்கே வந்து சேர்ந்திருக்கிறது.