வெள்ளையண்ணனின் மூச்சும் என் நாலு குழாயும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் வாத்தியாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. ஆனால் முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலை உச்சி வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் மைக் செட்தான். மழையில் நனைந்த ஆம்ப்ளிபையரை மேடை ஓரத்திலேயே பிரித்துத் துடைத்து, தலைவர் சோடா குடித்து முடிப்பதற்குள் பேச வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்ச் செட்டுக்காரன் எவனாவது செய்யட்டும், பார்க்கலாம்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் எந்தக் கம்பெனி மெஷின் வாங்கலாம் என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. தொண்ணூற்றெட்டில் பொங்கல் சமயம், கொல்லிமலை மேலே வளப்பூர் நாட்டில் நடந்தது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கேட்காமல் அடித்த நோட்டீஸ்

அன்றைக்குக் கபடிப் போட்டி. நடுவில் வெள்ளையண்ணனுக்குப் பாராட்டு விழா. அவர் அந்த ஊர்க்காரர். மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எதிரணிக் கட்டத்துக்குள் ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போவதைப் பாடிப் போவது என்போம். வெள்ளையண்ணன் பாடிப் போனால் எதிரணிக்காரனுக்குத்தான் மூச்சு வாங்கும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். குழாய் ஸ்பீக்கர் வைத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன்.

அந்தப் பேருக்காக அடிவாரத்துக் கிரஷர் முதலாளி ஒருவர் தன் டீமில் ஆடக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை கபடி, மற்ற நாளெல்லாம் கல் உடைக்கிற வேலை. தூசி தின்ற நெஞ்சு என்ன ஆகும்? ஊருக்குத் திரும்பியபோது பஸ்ஸை விட்டு இறங்கினால் அங்கங்கே உட்கார்ந்துதான் மேட்டை ஏறுவார்.

இது தெரிந்தும் விழாக் கமிட்டிக்காரர்கள், மதியம் காட்சி ஆட்டத்தில் வெள்ளையன் களம் இறங்குகிறார் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நான் பலா மரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே அவர் கமிட்டித் தலைவரிடம் பேசினார்.

“என்னால முடியாதுங்க. நாலு எட்டு வேகமா வெச்சா நெஞ்சு அடைக்குதுங்க.”

“ஏனுங்கண்ணா இப்படிச் சொல்றீங்க? கோட்டுக்குள்ள கால் வெச்சா தானா வந்துருமுங்க.”

“நெசமாத்தானுங்க சொல்றேன்.”

“பாருங்கடா, அண்ணன் இப்பவே பாவ்லா காட்டுறாரு!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருவாராம். அதனால் இதுவும் அப்படித்தானாம்.

கைதட்டல்

மேடையில் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். ஒரு லாரி டிரைவர் கண் கலங்கப் பேசினார். “நாமக்கல் மேட்ச்சுங்க. தோள்பட்டை எறங்கிப்போச்சு. துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு மறுபடி வந்து ஆடுனாருங்க எங்கண்ணன்!” விசில் பறந்தது. அந்தக் கை இன்னும் காதுக்கு மேலே போகாது. மாலையைச் சரிசெய்ய அவர் மறு கையைக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். கைதட்டியவன் ஒருத்தனும் பார்க்கவில்லை.

அடுத்து கிரஷர் முதலாளி. “என்ற கிரஷர்ல நைட்டு வேலை முடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வந்துருவான். தூக்கமே கெடையாது. அப்பேர்ப்பட்ட பய!”

பயலாம்! தலை நரைத்த மனுஷனை! எல்லாக் கதையிலும் வலித்தது அவருக்கு, சந்தோஷம் இவர்களுக்கு.

பிறகு கூட்டத்திலிருந்து சத்தம். “மைக்குல ஒருக்காப் பாடிக் காட்டுங்கண்ணா!”

அவர் எழுந்து மைக்கை வாங்கினார். நாலைந்து ‘கபடி’தான் வந்தது. அதற்கப்புறம் பஞ்சரான டியூப் மாதிரி இழுப்பு. என் கை தானாக வால்யூமைக் குறைத்துவிட்டது.

“யோவ் செட்டு! ஓட்டை மெஷினைத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்துட்டியா?”

“இதுக்கு நாங்க வெறுங்கூச்சலே போட்டிருப்போமய்யா!”

என் செட்டையா! மெஷின் கெட்டுப்போனதாகவே இருக்கட்டும் என்று குனிந்து ஒயரை ஆட்டிப் பார்ப்பதுபோல நடித்தேன். என் வாழ்நாளில் நான் பொறுத்துக்கொண்ட அவமானம் அது ஒன்றுதான்.

நிமிர்ந்தால் வெள்ளையண்ணன் என் மேஜை முன்னால் நிற்கிறார். கையில் மைக்.

“கொறைச்சியா?”

“ஆமாங்கண்ணா. உங்களுக்கு அசிங்கமா இருக்கு…”

“எனக்கென்ன அசிங்கம்? வாயில சொன்னேன், ஒருத்தனும் நம்புல. காதுல கேக்கட்டும். ஏத்து.”

“அண்ணா…”

“ஏத்துடா!”

முழுசாக ஏற்றினேன். அவர் பாடவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டார். அவ்வளவுதான். உள்ளே போவது விசில், வெளியே வருவது கரகரப்பு. நாலு குழாயும் அதைத்தான் கத்தின. எதிர்ச்சரிவில் மாடு மேய்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுதானுங்க மிச்சம்” என்றார். “இது நான் வூடு போய்ச் சேர்றதுக்கு வேணுமுங்க. மத்தியானம் ஆட மாட்டேன்.”

ஒருவரும் கைதட்டவில்லை. முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கமிட்டித் தலைவர் என்னிடம் வந்து, காட்சி ஆட்டம் இல்லை என்று மைக்கில் சொல்லச் சொன்னார். “நோட்டீஸ் அடிச்சது நீங்க. நீங்களே சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினேன். சொன்னார்.

திருந்தாதவர்கள்

சில வருஷம் கழித்து முள்ளுக்குறிச்சி டீக்கடையில் அதே லாரி டிரைவர். பத்துப் பேரை வைத்துக்கொண்டு சொல்கிறார். “அன்னைக்கு மைக்குல மூச்சு வுட்டாரு பாருங்க, மலையே ஆடிப்போச்சு! என்ன மனுசனுங்க எங்கண்ணன்!” மறுபடியும் கண் கலங்கல். அதையும் ரசித்து வைத்திருக்கிறார்! குடித்துக்கொண்டிருந்த டீயைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தேன்.

தம்பிகளே, இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் கையைக் காட்டிக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். அவர் சொல்லாமல், அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வால்யூமில் கை வைக்காதீர்கள். அவருக்கு எது அசிங்கம் என்று அவருக்குத் தெரியும்.