சாமியானா குடோனில் பதிவான குரல்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. சாமியானா வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது ஈ ஓட்டும் மாதம். எங்களுக்கு அதுதான் ரெக்கார்டிங் மாதம். மயிலாப்பூர் பக்கம் பட்டுப்புடவைகள் கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், நாங்கள் சேலையூரில் ஒரு தகரக் கூரை குடோனுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

குடோன் எங்கள் டிரம்மருடைய அப்பாவுக்குச் சொந்தம். சாமியானா, ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி, அண்டா குண்டான் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். முகூர்த்த மாதங்களில் துணியெல்லாம் வெளியே போய்விடும். அந்த வெற்று அறையில் டிரம் அடித்தால் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் அடித்த மாதிரி இருக்கும். யார் என்ன வாசிக்கிறார்கள் என்று யாருக்கும் புரியாது. மார்கழி பிறந்தால் போன துணியெல்லாம் வீடு திரும்பும். சுருட்டிய சாமியானாக்கள் கூரை வரை ஏறும். ஜமுக்காளக் கட்டுகள் சுவரை மறைக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் ராஜா சோஃபா மூலைக்கு வந்து சேரும். அதன் பிறகு அங்கே எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை. வசதி இருக்கிறவர்கள் சுவரில் பஞ்சு ஒட்டி ஸ்டுடியோ கட்டுகிறார்கள். நாங்கள் ஊரில் கல்யாணம் நிற்கும்வரை காத்திருந்தோம்.

நான் அந்த பேண்டின் பாடகி. பாடகி என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. ஹார்ட்கோர் என்ற இசையில் நம் ஊரில் பாட்டு என்று சொல்கிற எதுவும் இருக்காது. தலைதெறிக்க ஓடும் டிரம், கரகரவென்று ஒரு கிதார், அதன் மேல் ஓர் ஆள் கோபமாகக் கத்துவது, அவ்வளவுதான். சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். கத்துவதற்கு எனக்கு நிறைய இருந்தது. ஷேர் ஆட்டோவில் தாம்பரத்தில் ஏறியதிலிருந்து இடித்துக்கொண்டே வரும் முழங்கை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மறுநாள் வீடு வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்று சொன்ன ஹவுஸ் ஓனர். வரிகள் எல்லாம் நான் எழுதியவை, எல்லாம் தமிழ்.

இந்தக் குரலுக்கு ஒரு வேலை உண்டு என்று முதலில் சொன்னவன் கிதார் வாசித்தவன்தான். பொத்தேரி காலேஜில் என்னோடு படித்தவன். பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடும்போது டீச்சர் என்னிடம், "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று சொல்லியிருந்தார். என் குரல் அவ்வளவு கரகரப்பு. ஒரு நாள் காலேஜ் வாசலில், மீதிச் சில்லறை தராமல் கிளம்பப் பார்த்த ஆட்டோக்காரரை நான் நிறுத்திக் கத்தியதை இவன் கேட்டுவிட்டான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போகிற சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாம். "மச்சி, இதுதான் வேணும். இந்தக் குரலை வச்சுக்கிட்டு ஏன் சும்மா இருக்கே?" என்றான். அதுவரை யாரும் என் குரலைக் கேட்டு இன்னும் கொஞ்சம் என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவனை எவ்வளவு தூரம் நம்பினேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மார்கழியில் ரெக்கார்டிங் நடந்தபோது எல்லோரும் ஒன்றாக வாசித்தோம். தனித்தனியாகப் பதிவு செய்ய எங்களிடம் நேரமும் இல்லை, சாமானும் இல்லை. என் குரல் மற்ற மைக்குகளுக்குள் புகாமல் இருக்க, மூலையில் ஜமுக்காளக் கட்டுகளை அடுக்கி எனக்கு ஒரு கூண்டு கட்டினார்கள். உள்ளே நாப்தலின் உருண்டை வாசனையும், ஏதோ பழைய பந்தியின் சாம்பார் வாசனையும் சேர்ந்து அடிக்கும். அந்த வாசனையில் நின்றுதான் கத்தினேன்.

பாதி பாட்டுகூட முடிந்திருக்காது. டிரம்மரின் அப்பா ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே குட்டியானை வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

"இன்னாப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. சாவு வூடு கீது. துணி ஏத்தணும்."

"அப்பா, ரெக்கார்டிங் போய்க்கினு கீதுப்பா!"

"சாவு மார்கழி பாத்துக்கினா வருது? நவுரு, நவுரு."

கல்யாணத்துக்குத்தான் மாதக் கணக்கு என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. சாமியானாக்கள் போயின. பின்னாலேயே ஜமுக்காளங்களும் போயின. என் கூண்டு கண்ணெதிரே வண்டியேறியது. ஒரு பக்கச் சுவர் மொட்டையாக நின்றது. மைக்குகளை வாடகைக்கு எடுத்திருந்தோம், அன்று மாலையே திருப்பித் தர வேண்டும். அப்படியே வாசித்து முடித்தோம். நான் கத்தியது அந்த மொட்டைச் சுவரில் போய் மோதித் திரும்பி வந்து டிரம் மைக்குகளுக்குள் எல்லாம் புகுந்துவிட்டது.

கிதார்காரன் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "உன் குரல் டிரம் டிராக் பூரா பரவிக் கிடக்கு. நாளைக்கு வேணும்னாலும் பிரிக்க முடியாது."

"எதுக்குப் பிரிக்கணும்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பாட்டுகளை இணையத்தில் போட்டோம். கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பாதிப்பேர் எங்கள் வகுப்பில் படித்தவர்கள். பிறகு பேண்டின் சத்தம் மெல்ல மாறியது. கிதார்காரன் காலால் மிதிக்கிற பெட்டிகள் சிலவற்றை வாங்கினான். கிதார் மழை மாதிரியும் கோயில் மணி மாதிரியும் ஒலிக்க ஆரம்பித்தது. பாட்டு நீண்டது, வேகம் குறைந்தது. ஒரு நாள், "உன் குரலுக்கு இந்தப் புது மெட்டு செட் ஆகாது, தப்பா எடுத்துக்காத" என்றான். நல்ல சாரீரம் உள்ள ஒருவன் வந்தான். நான் வெளியே வந்தேன். பழைய பாட்டுகள் இப்போதைய சத்தத்தோடு ஒட்டவில்லை என்று அவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதற்கெல்லாம் எனக்குக் கோபம் கிடையாது. சத்தியமாகக் கிடையாது. ஒரு பேண்ட் மாறத்தான் வேண்டும். இருபது வயதில் கத்தியதையே நாற்பதிலும் கத்திக்கொண்டிருந்தால் அதைப்போல அலுப்பு வேறில்லை. அவர்களுடைய புதுப் பாட்டுகளை ஆபீஸ் போகும் ரயிலில் காசு கொடுத்துக் கேட்டிருக்கிறேன். இரண்டு மூன்று நிஜமாகவே நன்றாக இருந்தன, நண்பர்களுக்கு அனுப்பியும் வைத்தேன். மாறிக்கொள்ளட்டும். நேற்று நடந்ததை மாற்றாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

போன வருடம் கிதார்காரன் மாடம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தான். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். பேண்டின் பாட்டைப் புதுசாகக் கேட்க ஆரம்பித்திருக்கிற காலேஜ் பிள்ளைகள், முதல் பதிவு எங்கே, முதல் பதிவு எங்கே என்று கேட்டுத் துளைக்கிறார்களாம்.

"நாங்க ஒண்ணையும் வச்சுக்கல. உன்கிட்டதான் இருக்கும்னு தெரியும். நீ பத்திரம் பண்றவ. சரியா சுத்தம் பண்ணி, ஒழுங்கா வெளியிடப் போறோம் மச்சி. அப்ப யாரும் கேக்கல, இப்ப கேக்கட்டும்."

அந்தப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. எடுத்து, அவனுக்கு முன்னாலேயே லேப்டாப்பில் செருகிப் போட்டுப் பார்த்தேன். கிதார், டிரம், பேஸ், என் குரல், ஒவ்வொரு மைக்கில் பதிவானதும் தனித்தனி டிராக்காக ஒழுங்காக ஓடின. என் குரலை மட்டும் தனியாகக் கேட்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு கோபம். ஆபீஸில் நான் ஐ.டி. சப்போர்ட். காப்பி எடுக்காமல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று தினமும் நான்கு பேருக்காவது சொல்கிறவள். ஆனால் அவன் எதிரில் உட்கார்ந்து காப்பி எடுப்பது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. அப்படியே எடுத்துக் கையில் கொடுத்தேன்.

பொத்தேரியில் ஒரு கஃபேயின் மொட்டை மாடியில், ஒரு சாயங்காலம், வெளியீடு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவன் மைக்கைப் பிடித்து, "நாங்க எங்கேருந்து வந்தோம்னு நீங்க கேக்கணும். எதையும் தொடல. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே" என்றான்.

ஷேர் ஆட்டோ பாட்டு ஓட ஆரம்பித்தது. அதே டிரம், அதே கிதார். நான் உள்ளே வரவேண்டிய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வந்தது புதுப் பாடகனின் குரல். ஷேர் ஆட்டோவில் இடிக்கும் முழங்கையைப் பற்றி அந்த ஆறடி ஆள் உருகி உருகிப் பாடினான். அவனை எந்த ஷேர் ஆட்டோவில் எவன் இடித்தான்? அவன் உட்கார்ந்தால் மற்றவன்தான் ஒடுங்க வேண்டும். வரிகள் என்னுடையவை, ஓர் எழுத்துகூட மாறவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடித் தலையாட்டினாள். அன்றைக்கே பாடியவன் இவன்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கை தட்டினார்கள்.

கூட்டம் கலையும்வரை நின்று அவனைப் பிடித்தேன்.

"என் குரல் எங்க?"

"அந்த ஃபைல் ஓபன் ஆகல மச்சி. ரொம்ப ட்ரை பண்ணோம்."

"என் வீட்ல, உன் எதிர்லதான் போட்டுக் காட்டினேன்."

அவன் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். பிறகு குரலை இறக்கி, "சரி, விடு. ஒரே பேண்டா தெரியணும்ல? முதல்ல ஒரு பொண்ணு, அப்புறம் ஒரு பையன்னா கேக்கறவங்களுக்குக் குழப்பம். உனக்கு நன்றி போட்டிருக்கோம், பாரு" என்றான். போட்டிருந்தார்கள். சாமியானா கடைக்கும் எனக்கும் ஒரே வரியில்.

"டிஸ்க்கைக் குடு."

"தரேன், தரேன். அதுலதான் புது ஆல்பம் ரெக்கார்ட் பண்ணிட்டிருக்கோம். இடம் பத்தல, அதான் உன் டிராக்கை மட்டும் அழிச்சுட்டோம். எப்படியும் யூஸ் பண்ணப் போறதில்லயே."

அவன் அதைச் சொன்ன விதம்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஃபிரிட்ஜில் மிஞ்சின சட்னியைக் கொட்டியதைச் சொல்வதுபோல் சொன்னான். டிரம்மர் பக்கத்தில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, எனக்கே இன்னிக்குத்தான்க்கா தெரியும்" என்றான். அவனை நம்பினேன். நம்பியும் என்ன ஆகப்போகிறது?

"அப்படியும் முழுசா போகல தெரியுமா?" கிதார்காரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். என்னிடமே குறைப்பட்டுக்கொண்டான். "டிரம் மைக்ல நீ கொஞ்சம் கேக்கறே. என்னென்னவோ பண்ணிப் பாத்தாச்சு. எல்லாம் அந்தச் சாவு வீட்டு வண்டியால வந்த வினை. கடைசில ரூம் சத்தம்னு விட்டுட்டோம்."

கிளம்பின ஆட்டோவை நிறுத்தின குரல் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. படியிறங்கிப் போய் ரயில் ஏறினேன். தாம்பரம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது. மறுநாள் முதல், பழைய நாட்களில் எங்கள் பாட்டைக் கேட்டவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் அந்தப் பழைய பதிவு இல்லை. எல்லோரும் இணையத்தில் கேட்டதோடு சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கத்தி அம்மா கேட்டதே கிடையாது. அந்த நாட்களில் ப்ராஜெக்ட் என்று சொல்லிவிட்டுத்தான் குடோனுக்குப் போவேன். தொண்டை கட்டி வீடு திரும்பினால் உப்புப் போட்ட வெந்நீரைக் கையில் கொடுப்பாள். என்ன ப்ராஜெக்ட் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

"அந்தப் பையன் வாங்கிட்டுப் போனானே, அது வந்துடுச்சாமே. போடேன், கேக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. போனில் ஷேர் ஆட்டோ பாட்டைப் போட்டேன். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு இது?"

"இப்பப் பாடறவன்."

"இவனைக் கேக்கல. இவனுக்குப் பின்னாடி யாரோ கத்தறாங்களே."

"அது ரூம் சத்தம்மா."

"எனக்கா தெரியாது?" அம்மா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். இரண்டாம் தடவை கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏன்டீ, எல்லாரும் உள்ள உக்காந்து வாசிக்கறாங்க. உன்னை மட்டும் எதுக்கு வெளியில நிக்க வச்சாங்க?"

"உள்ளதாம்மா இருந்தேன்," என்றேன்.